வேனுக்குள் எவ்வளவு வீடு?

1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் வேனுக்கென்று ஒரு பெட்டியைச் செய்தது. பெயர் கேம்பிங் பாக்ஸ். அதை உள்ளே ஏற்றினால் படுக்கையும் அலமாரியும் தயார். இறக்கிவிட்டால் வேன் பழையபடி வேலைக்கு ஓடும். எழும்பும் கூரை, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கேம்பர் வேன் வாங்க நினைப்பவர் முன்னால் இன்றும் அதே இரண்டு வழிகள்தான். டொயோட்டா ஹயேஸ் போன்ற பெரிய வேனில் எல்லா வசதிகளையும் நிலையாகப் பொருத்திக்கொள்வது ஒன்று. தான் சோங் நிறுவனம் பல ஆண்டுகள் விற்ற நிசான் வெனட் போன்ற பழைய வேனில் ஒரு மடிப்புப் பலகை, மெத்தை, விசிறி, கேஸ் அடுப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விலைப்பட்டியல் ஓரளவுதான் காட்டும். இந்த ஊரின் வெப்பமும் சாலையும் மீதியைக் காட்டிவிடும்.

வெப்பத்தை முதலில் பார்ப்போம். கேம்பர் வேனின் வடிவம் குளிர்நாட்டில் உருவானது. அங்கே இரவைத் தாங்க ஹீட்டர் வேண்டும். கோலாலம்பூரிலோ நள்ளிரவிலும் 24, 25 டிகிரி. காற்றில் ஈரம் மிகுதி. மூடிய வேனுக்குள் இருவர் மூச்சுவிட்டாலே கண்ணாடியில் நீர் வழியும். ஆகவே இங்கே முதல் கேள்வி, குளிர்சாதனம் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான்.

கணக்கு போட்டால் விடை தெளிவாகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 1,280 வாட்-மணி மின்சாரம் இருக்கும். 20 வாட் விசிறி எட்டு மணிநேரம் ஓடினால் செலவு 160. சிறிய கம்ப்ரசர் குளிர்பெட்டி நம் வெயிலில் ஒரு நாளைக்கு 400 முதல் 500 வரை இழுக்கும். விளக்குக்கும் கைப்பேசிக்கும் 100 போதும். ஆக, எளிய வேனுக்கு ஒரே பேட்டரி தாராளம். கூரையில் 200 வாட் சோலார் தகடு இருந்தால், நல்ல வெயில் நாளில் இழப்பு போக 600 வாட்-மணி அளவுக்குத் திரும்பக் கிடைக்கும்.

500 வாட் குளிர்சாதனத்தை இரவு எட்டு மணிநேரம் ஓட்டினால் 4,000 வாட்-மணி. அதற்கு அதே பேட்டரி நான்கு வேண்டும். அந்த ஓர் இரவுச் செலவை அதே சோலார் தகட்டால் மட்டும் ஈடுகட்டக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும்.

இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்குவது மாற்றுவழி அல்ல. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. 2020இல் பட்டர்வொர்த்தில் இப்படிக் காருக்குள் உறங்கிய இளம்பெண்கள் மூவர் உயிரிழந்தனர். மூடிய வேனுக்குள் கேஸ் அடுப்பு எரிப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

குளிர்சாதனம் இல்லாமல் தூங்க எதிரெதிரே இரண்டு சன்னல்கள், கொசுவலை, கூரையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஆகியவை வேண்டும். இல்லாவிட்டால் மலையேறிவிடலாம். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையின் தானா ராத்தாவில் இரவு வெப்பநிலை 15, 16 டிகிரிக்கு இறங்கும். அங்கே குளிர்சாதனத்துக்கு வேலையே இல்லை, போர்வைதான் தேவை.

அடுத்தது சாலை. தாய்லாந்து எல்லை முதல் ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், ஆர் அண்ட் ஆர் எனப்படும் ஓய்விடங்களில் கழிப்பறை, தொழுகை அறை, உணவுக்கடைகள் எல்லாம் இருக்கின்றன; பலவற்றில் குளிக்கவும் இடமுண்டு. ஊருக்குள் நள்ளிரவிலும் மாமாக் கடையில் ரொட்டி சானாய் கிடைக்கும். இவற்றை நம்பிப் பயணம் செய்பவர் சமையல் மேடைக்கும் கழிப்பறைக்கும் பணம் போட்டால், பெரும்பாலும் அவற்றைச் சுமந்துகொண்டு சுற்றுவதே மிச்சம். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. வேன் கழிப்பறையின் கழிவுத் தொட்டியை ஐரோப்பிய முகாம்களில் கொட்டத் தனி இடம் உண்டு. இங்கே அதைத் தேட வேண்டியிருக்கும்.

முதியவரோ சிறு குழந்தையோ உடன் வந்தால் கணக்கு மாறும். கிழக்குக்கரையில் கடை கண்ணி இல்லாத கடற்கரையில் ஒரு வாரம் தங்குபவருக்கும் உள்ளேயே கழிப்பறை இருப்பது பெரிய நிம்மதி. நிமிர்ந்து நின்று உடை மாற்ற வேண்டும் என்பவருக்கு உயர்கூரை வேன் தேவைப்படும். ஆனால் உயர்கூரை ஹயேஸ் 2.2 மீட்டரைத் தாண்டுவதால், கோலாலம்பூர்ப் பேரங்காடிகள் பலவற்றின் அடித்தள வாகன நிறுத்துமிடங்களில் நுழையாது. தாழ்ந்த கூரை ஹயேஸின் உயரம் 1.98 மீட்டர், அன்றாட வேலைக்கும் அதே வண்டி என்றால் இதுதான் தோது.

வண்டி எதுவானாலும் இருக்கையைக் கழற்றும் முன், கூரையை வெட்டும் முன், ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைப் பெற வேண்டும். வாகனச் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். பிறர் மாற்றியமைத்த பழைய வேனை வாங்குபவர், பதிவுச் சான்றிலுள்ள இருக்கை எண்ணிக்கையும் வண்டி வகையும் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று முன்பணம் கொடுக்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றங்களைச் சொல்லிவிட வேண்டும். முதல் செலவு விசிறிக்கும் கொசுவலைக்கும் நல்ல மெத்தைக்கும் போகட்டும். கிள்ளானிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் மோரிப் கடற்கரையில் ஓர் இரவு தங்கிப் பார்த்தால், அடுத்து வாங்க வேண்டியது குளிர்பெட்டியா, இரண்டாவது பேட்டரியா என்பது தெரிந்துவிடும்.