பனிச்சறுக்குப் பலகையும் அதன் இடைவளைவும்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் உறைபனிமீது சறுக்கி விளையாடுவோர் காலிற் பூணும் நீண்ட பலகைக்கு 'ஸ்கீ' என்று பெயர். பனிச்சரிவைக் கண்ணாற் கண்டறியாத யாம் இதனைப்பற்றி எழுதப் புகுந்தது நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைத்தது. ஆயினும், பலகையின் பக்கத்தமைந்த சிறு வளைவொன்று மனிதனுடைய வேகத்துக்கே எல்லை வகுக்கின்றது என்பதை அறிந்தபின் வாளா இருத்தல் எமக்கு இயலவில்லை.

பலகையை உற்று நோக்குவார்க்கு, அதன் முன்னும் பின்னும் அகன்று, இடை உடுக்கைபோற் சிறுத்திருத்தல் புலனாகும். இவ்விடைவளைவை ஒரு பெருவட்டத்தின் சிறு துண்டாகக் கொண்டால், அவ்வட்டத்தின் ஆரை இத்துணை மீட்டர் என்பதே பலகையின் முதல் இலக்கணமாம். சறுக்குவோர் பலகையைப் பக்கவாட்டிற் சாய்த்தவுடன் எஃகு விளிம்பு பனியிற் பதிகின்றது. இடை அமிழ்ந்து பலகை வில்லென வளைகின்றது. வளைந்த வழியே ஓடுகின்றது. பக்கவாட்டில் வழுக்காது, கத்தியாற் கீறினாற்போல ஒரே கோடிட்டுச் செல்லும் இம்முறையைக் 'கார்விங்' என்பர். முன்னாளைப் பலகைகள் 2 மீட்டர் அளவு நீண்டு, இடை மிகுதியும் சிறுக்காதிருந்தன. ஸ்லோவீனியா நாட்டு ஏலான் தொழிற்சாலையார் 1990-களின் தொடக்கத்தில் ஆழ்ந்த இடைவளைவுடைய பலகையைச் செய்தனர். அதன் பின்னரே கார்விங் பலர்க்கும் எளிதாயிற்று.

இனி, வேகத்தின் செய்தியைக் கூறுவோம். பலகையை 60 பாகை சாய்த்தால், திரும்பும் வட்டத்தின் ஆரை இடைவளைவின் ஆரையிற் பாதியாகும்; சறுக்குவோன் கால்கள் அவன் எடையைப்போல் இருமடங்கு தாங்கவேண்டும். 70 கிலோ எடையுடையான் 140 கிலோவைச் சுமந்தவாறே மலையினின்று இறங்குகின்றான்! வேகம் மிகுந்தால் வெளியே தள்ளும் விசையும் மிகும், அதனை எதிர்க்க அவன் மேலும் சாய்வான், சாயச்சாயப் பலகை மேலும் வளையும், வட்டம் குறுகும், குறுகிய வட்டத்தில் விசை மீண்டும் பெருகும். இத்துரத்தலுக்கு ஒரு முடிவுண்டு. பௌதிகம் பயிலும் நண்பரொருவர் துணைகொண்டு கணக்கிட்டபோது, 13 மீட்டர் ஆரையுள்ள பலகை மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு மேல் தூய கார்விங்குக்கு இடந்தராது என்று கண்டோம். 30 மீட்டருக்கு அவ்வெல்லை 62 ஆகும். சரிவு, பனியின் தன்மை, பலகையின் விறைப்பு இவற்றால் இது சற்று மாறுமெனினும் நெறி மாறாது. எல்லை கடந்தால் விளிம்பு பிடிவிட்டு வழுக்கும். அன்றேல் எதிர்பாராது கவ்வி ஆளைத் தூக்கியெறியும்.

ஆதலின் விரைந்து செல்லும் வல்லார்க்கெனச் செய்யும் பலகை நீண்டு, வளைவு குறைந்து, எளிதில் முறுகாததாய் இருத்தல் வேண்டும். மரத்தாலான நடுப்பகுதியின் மேலும் கீழும் அலுமினியக் கலப்புலோகத் தகடுகள் ஒட்டப்படுகின்றன. அவை அதிர்வை அடக்கிப் பனிக்கட்டிபோல் இறுகிய தரையிலும் விளிம்பைப் பற்றச் செய்கின்றன. மெதுவாகச் செல்லும் புதியவன் காலில் அதே பலகை வளையவும் மறுத்து, திரும்பவும் மறுத்து, வெறும் பாரமாய்க் கிடக்கும். விலையுயர்ந்தது யாவர்க்கும் சிறந்தது என்று எண்ணுவோர் இதனைக் கருதுக.

இவ்வளைவின் அளவு பெரும் வழக்கொன்றுக்கும் காரணமாயிற்று. வளைவு மிக்க பலகைகள் திடீரெனக் கவ்வுதலாற் பந்தய வீரர்தம் முழங்கால் நாண்கள் அறுபடுகின்றன என்று கண்ட சர்வதேச ஸ்கீ சங்கத்தார், 'ஜயன்ட் ஸ்லாலம்' என்னும் பந்தயத்தில் ஆடவர்க்கு 27 மீட்டராக இருந்த குறைந்தபட்ச ஆரையை 2012-13 பருவத்தில் 35 மீட்டராக உயர்த்தினர். வீரர் பலர் வெகுண்டனர். யாவரினும் உரத்து மறுத்தவர் அமெரிக்க வீரர் டெட் லிகெட்டி. ஆனால் நிகழ்ந்தது யாது? அப்பருவத்தின் முதற் பந்தயம் ஆஸ்திரியாவின் ஸோல்டனில் 2012 அக்டோபரில் நடந்தபோது, அவரே 2.75 விநாடி முந்தி வென்றார். விநாடியின் நூறிலொரு பங்கும் வெற்றி தோல்வியைத் துணியும் ஆட்டத்தில் இஃது எத்துணைப் பெரிய இடைவெளி! பிறர் பலகையை வழுக்கவிட்டுத் திருப்பிய இடங்களில் அவர் முன்னதாகவே வளைவைத் தொடங்கி, உடல் பனியைத் தொடுமளவு சாய்ந்து, விளிம்பின் மீதே நின்றார். 2013-இல் ஷ்லாட்மிங்கில் நடந்த உலகப் போட்டியிலும் மூன்று பொற்பதக்கங்கள் பெற்றார்.

அவர் தாம் வெறுத்த பலகையாலேயே புகழெய்தினார். எனினும் ஏனையோர் குறை ஓயவில்லை. 35 மீட்டர்ப் பலகையைத் திருப்ப முதுகு வருந்துகின்றது என்று முறையிட்டனர். சங்கத்தார் 2017-18 பருவத்தில் அதனை 30 மீட்டராகக் குறைத்தனர்.