பி.டி. பவுடர் புழுவின் வயிற்றில் என்ன செய்கிறது?

"பி.டி. பருத்தி வேண்டாம், பி.டி. கத்திரி வேண்டாம்னு போராடுறீங்க. அப்புறம் நீங்களே முட்டைக்கோசுக்கும் வெண்டைக்கும் பி.டி. பவுடர் வாங்கி அடிக்கிறீங்க. இது என்ன சார் நியாயம்?"

இயற்கை விவசாயக் கூட்டங்களுக்குப் புதிதாக வருகிற இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "அது வேற, இது வேற தம்பி" என்று சொல்லி உட்கார வைத்துவிடுகிறோம். எப்படி வேறு என்று அடுத்த கேள்வி வந்தால் நம்மில் பலரும் திணறுகிறோம். அதனால் இந்தப் பவுடருக்குள் என்ன இருக்கிறது, அது புழுவின் வயிற்றுக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் எப்போது அடிப்பது, எதோடு கலக்கக் கூடாது என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதை தொடங்குவது பட்டுப்புழுவில். காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! 1901ல் ஜப்பானில் பட்டுப்புழு வளர்ப்பவர்களை ஒரு நோய் ஆட்டிவைத்தது. நன்றாக மல்பெரி இலை தின்றுகொண்டிருக்கும் புழு திடீரென்று தின்பதை நிறுத்தும், துவண்டு போகும், செத்துவிடும். ஷிகெடானே இஷிவாட்டா என்ற ஆய்வாளர் செத்த புழுக்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பத்து வருஷம் கழித்து, 1911ல், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து எர்ன்ஸ்ட் பெர்லினர் அதே இனத்தைக் கண்டு விவரித்தார். ஊர்ப் பெயரே கிருமிக்கும் வந்தது: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். சுருக்கமாக பி.டி. ஜப்பானியர்களுக்கு அது நோய். ஐரோப்பியர்கள் அதையே மருந்தாகப் பார்த்தார்கள். 1938ல் பிரான்சில் அது பூச்சிக்கொல்லியாக விற்பனைக்கே வந்துவிட்டது.

ஆனால் புழுவைக் கொல்வது கிருமியா, கிருமி உண்டாக்கும் ஏதோ ஒன்றா? பெர்லினர் உருப்பெருக்கியில் பார்த்தபோது கிருமியின் வித்துக்குப் பக்கத்தில் சின்னப் படிகம் ஒன்று தெரிந்தது. அது எதற்கு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1950களில் கனடாவில் அந்தப் படிகத்தைக் காரநீரில் கரைத்து, கிருமி இல்லாமல் படிகக் கரைசலை மட்டும் பட்டுப்புழுவுக்குக் கொடுத்தார்கள். புழு துவண்டு விழுந்தது. ஆக ஆயுதம் அந்தப் படிகம்தான். அது சுத்தமான புரதம்.

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும்தான் ஞாபகம் வரும். காஞ்சிபுரத்தில் தறிக்குப் போகிற பட்டு நூலும் புரதம்தான். புழுவின் பட்டுச் சுரப்பியில் அது நூலாக இருப்பதில்லை, கெட்டியான கூழாக இருக்கிறது. சுரப்பியின் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் வர வர காரத்தன்மை குறைகிறது, நீர் வற்றுகிறது. புழு தலையை ஆட்டி இழுக்கும்போது கூழில் கிடந்த புரத இழைகள் ஒன்றை ஒன்று ஒட்டி, அடுக்கடுக்காகப் படிந்து, தண்ணீரில் கரையாத நூலாகிவிடுகின்றன. யாரும் முறுக்கவில்லை, நெய்யவில்லை. சூழ்நிலை மாறியதும் மூலக்கூறுகள் தாமாகவே அணிவகுத்துக்கொள்கின்றன. விஞ்ஞானிகள் இதைத் 'தன்னமைப்பு' என்கிறார்கள். நூலின் மேலே இருக்கும் பசையும் புரதம்தான், ஆனால் வேறு வகை. சாயம் போடுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அலசுகிறார்களே, அந்தக் காரத்தில் பசை கரைந்து போகும், நூல் நிற்கும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடும். ஒரே புழுவின் இரண்டு புரதங்களில் ஒன்று காரத்துக்குக் கரைகிறது, மற்றது கரைவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பி.டி.யின் சூட்சுமமும் காரத்தில்தான் இருக்கிறது.

பி.டி. கிருமி மண்ணிலும் இலைமேலும் சாதாரணமாக இருப்பது. தீனி தீர்ந்துபோனால் அது வித்தாக மாறிக் கிடக்கும். அந்த நேரத்தில் தன் உடம்புக்குள் ஒரே வகைப் புரதத்தை ஏராளமாக உண்டாக்குகிறது. அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு செங்கல் அடுக்கிய மாதிரி படிகமாகிவிடுகின்றன. இதுவும் தன்னமைப்புதான். கிருமியின் உலர் எடையில் கால் பங்கு வரைகூடப் படிகமே இருக்கும். பூட்டி வைத்த அந்த நிலையில் அது யாரையும் ஒன்றும் செய்யாது.

இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்னும்போதுதான் பூட்டு திறக்கிறது. மண் பரிசோதனைச் சீட்டில் பி.எச். 8.5 தாண்டினால் களர் என்கிறோம் இல்லையா? அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனப் புழுக்களின் நடுக்குடலில் பி.எச். 9லிருந்து 11 வரை இருக்கும். களரிலும் பெரிய களர். அந்தக் காரத்தில் படிகம் கரைந்து தனித்தனிப் புரதமாகிறது. ஆனாலும் அது முழு ஆயுதம் இல்லை. புழுவின் செரிமான நொதிகள் அதை உணவு என்று நினைத்து வெட்டுகின்றன. ஏறக்குறைய பாதி வெட்டுப்பட்டுப் போனபின் மிஞ்சுகிற துண்டுதான் நச்சு. புழு தன் கையாலேயே அருவாளைத் தீட்டிக்கொள்கிற மாதிரி.

அடுத்தது இன்னும் சுவாரசியம். குடல் சுவரின் செல்களில் சில புரதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கொக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். நச்சுத் துண்டு அந்தக் கொக்கியில் சரியாகப் பொருந்தினால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். பொருந்தியதும் துண்டின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. அப்படி மாறிய துண்டுகள் மூன்று நான்கு ஒன்றுகூடி ஒரு வளையமாகி, செல்லின் சவ்வுக்குள் செருகிக்கொள்கின்றன. வளையத்தின் நடுவே துளை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்குதான் துளையின் அகலம். ஆனால் செல்லுக்கு அது போதும். தண்ணீரும் உப்பும் கட்டுப்பாடில்லாமல் உள்ளே புகுந்து செல் ஊதி வெடிக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். குடலில் இருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலந்து இரண்டு மூன்று நாளில் சாகும்.

இத்தனை படிகள் ஒன்றுவிடாமல் நடந்தால்தான் பி.டி. வேலை செய்யும். நம் இரைப்பையில் இருப்பது காரம் இல்லை, கடும் அமிலம். அங்கே இந்தப் புரதம் பருப்புப் புரதம் மாதிரி செரித்துவிடும். புழுவின் குடலில் இருக்கும் அந்தக் கொக்கியும் நம் குடலில் கிடையாது. அதற்காக முகத்தில் துணி கட்டாமல் பவுடரைக் கையாள வேண்டாம், கண்ணிலும் மூச்சிலும் போனால் உறுத்தும். தேனீக்கும் பொறிவண்டுக்கும்கூட இது ஆகாத பொருள் இல்லை. வகைக்கு வகை புரதத்தின் வடிவம் மாறும். புழுக்களுக்கு அடிப்பது 'குர்ஸ்டாகி' என்ற வகை. 'இஸ்ரேலென்சிஸ்' என்ற இன்னொரு வகை 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது. அது கொசுப்புழுவைக் கொல்லும், காய்ப்புழுவைத் தொடாது. பாக்கெட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். வங்கியில் கடன் பத்திரங்களை வரி வரியாகப் படித்த பழக்கத்தில் நான் உரக்கடையில் நின்று லேபிளை முழுசாகப் படிப்பேன். கடைக்காரர் சலித்துக்கொள்வார், பரவாயில்லை.

இனி வயலுக்கு வருவோம். பி.டி. தொட்டால் கொல்லாது, தின்றால்தான் கொல்லும். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் இலையைக் கடிப்பதில்லை, சாறு உறிஞ்சுகின்றன. அவற்றுக்கு இதை அடிப்பது வீண் செலவு. கத்திரித் தண்டு, காய்த் துளைப்பான் புழு முட்டையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே போய்விடும். துளைக்குள் போனபின் வெளியே அடித்து என்ன பயன்? அந்துப்பூச்சி நடமாட்டத்தை இனக்கவர்ச்சிப் பொறியில் பார்த்து, முட்டை பொரிக்கிற சமயத்தில் அடிக்க வேண்டும். எந்தப் புழுவானாலும் சின்னதாக இருக்கும்போது அடிப்பதுதான் பலன். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் இந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும், சில நாளுக்கு மேல் இலையில் தாங்காது. அதனால்தான் சாயங்காலம் அடிக்கச் சொல்கிறோம்.

கலப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படிகம் காரத்தில் கரையும் என்று பார்த்தோம். டேங்கிலேயே காரம் இருந்தால் புழுவின் வயிற்றில் திறக்க வேண்டிய பூட்டு டேங்கில் திறந்துவிடும். ஒட்டுவதற்காகக் காதி சோப்பைத் தாராளமாகக் கரைப்பது, சாம்பல் நீர் சேர்ப்பது, சுண்ணாம்பு உள்ள போர்டோ கலவையோடு சேர்த்து அடிப்பது எதுவும் கூடாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் பி.எச். 8க்கு மேல் இருக்கிறது. ஒருமுறை சோதித்துவிட்டால் நல்லது. வேப்பங்கொட்டைக் கரைசலையும் நான் அதே நாளில் அடிப்பதில்லை. வேம்பு புழுவைத் தின்னவிடாமல் செய்யும், பி.டி.க்கோ புழு தின்றாக வேண்டும். ஒன்று வா என்கிறது, ஒன்று போ என்கிறது. வெல்லக் கரைசல் கொஞ்சம் சேர்ப்பவர்கள் உண்டு, அதில் தப்பில்லை. அடித்த மறுநாள் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்து "மருந்து கேக்கல" என்று முடிவு கட்ட வேண்டாம். இலையில் புதுக் கடி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வரலாம். பி.டி. பருத்தியில் கிருமி இல்லை, படிகமும் இல்லை. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவைச் செடிக்குள் வைத்துவிட்டார்கள். வேர், தண்டு, இலை, காய் எல்லாவற்றிலும், முளைத்த நாள் முதல் பிடுங்குகிற நாள் வரை புரதம் கரைந்த நிலையிலேயே இருக்கிறது. நாம் தெளிப்பது தேவைப்படும்போது, தேவைப்படும் பாத்தியில், நாலைந்து நாளில் அழிந்துபோவது. அங்கே ஊர் முழுக்க, பருவம் முழுக்க ஒரே ஆயுதம். எந்தப் புழுவுக்கு அந்தக் குடல் கொக்கி பிறவியிலேயே கொஞ்சம் கோணலாக இருக்கிறதோ, அதில் நச்சு பொருந்தாது, வளையம் கூடாது, துளை விழாது. மற்றதெல்லாம் செத்துப்போக, அது மட்டும் பெருகும். இந்தியாவில் 2002ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 2010ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாக்குப்பிடித்துவிட்டது என்று விதையின் உரிமையாளரான மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2006ல், இரண்டு புரதம் வைத்த விதை வந்திருந்தது. சில வருஷத்தில் புழு அதையும் தாண்டியது. பி.டி. கத்திரியை 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். விதை விலை, விதை உரிமை பற்றிய நம் சண்டை தனி. அது இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்: அவர்கள் மழுங்கடிப்பது நம் கையில் இருக்கும் கத்தியையும் சேர்த்துத்தான்.

ஆனால் நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வயலில் முதன்முதலாக பி.டி.யைத் தாங்கி நின்றது பருத்திப் புழு இல்லை, முட்டைக்கோசு வைரமுதுகு அந்துப்பூச்சி. அதுவும் ஹவாய் தீவில், திரும்பத் திரும்பத் தெளித்த தோட்டங்களில், 1990 வாக்கிலேயே தெரியவந்தது. தெளிப்பானாலும் வாரா வாரம் அடித்தால் அதே கதைதான். பொறி, வரப்பில் தட்டைப்பயறு, ஐந்திலைக் கரைசல், பறவை உட்கார 'T' வடிவக் குச்சி எல்லாம் செய்துவிட்டு, மீறினால் மட்டும் பி.டி. என்று நான் வைத்திருக்கிறேன். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் பச்சைப் புழுவுக்கு அடிப்பதே இல்லை. அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை, ஒரு கொத்து தழை தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, மல்பெரி. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்த இதழைப் படிக்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்களில் சிலருக்குப் பக்கத்து வயலில் பட்டுப்புழு வளர்ப்பு இருக்கும். காஞ்சிபுரத் தறிகளுக்கு நூல் வருவது இப்படிப்பட்ட தோட்டங்களிலிருந்துதான். பி.டி.க்குக் காய்ப்புழு, பட்டுப்புழு என்ற வித்தியாசம் கிடையாது. முதலில் அது கொன்றதே பட்டுப்புழுவைத்தான். காற்று மல்பெரிப் பக்கம் அடிக்கும்போது தெளிக்காதீர்கள். தெளித்த டேங்கையும் உடுப்பையும் புழு மனைக்குள் கொண்டு போகாதீர்கள், புரதம் வெயிலில் அழிந்தாலும் நிழலில் வித்து நெடுநாள் கிடக்கும். மல்பெரி ஒட்டியே இருந்தால் பி.டி.யை விட்டுவிட்டுப் பொறியும் கைப்பொறுக்கலும் போதும். தெளித்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் இலை பறிக்கிற நாளைக் கேட்டுக்கொண்டு, வரப்பிலிருந்து நாலு பாத்தி உள்ளே தள்ளி அடியுங்கள்.