கைக்குள் ஒரு கடைத்தெரு



தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்தி, காலையில் வகுப்புக்கு வந்ததும் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அருகில் அழைத்து விசாரித்தோம். "அம்மா ராத்திரி பூரா அழுதாங்க, டீச்சர். அம்மா பேருல யாரோ காசு வாங்கிட்டாங்களாம்" என்றாள்.

அந்தத் தாயார் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்பவர். மாலையில் முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி சுட்டுக் கைத்தொலைபேசி வழியாக விற்று வந்தார். அந்த ஆண்டு அறுபத்திரண்டு டப்பாக்களுக்கு ஆர்டர் வந்திருந்தது. முதல் நாள் மாலை, தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரின் எண்ணிலிருந்து செய்தி வந்தது: "அக்கா, எனக்கு வர வேண்டிய ஆறு இலக்க எண் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் அனுப்புங்கள்." அவரும் அனுப்பினார். மறு நிமிடம் அவருடைய புலனம், அதாவது வாட்ஸ்அப், அவர் கையை விட்டுப் போய்விட்டது. எங்கோ உட்கார்ந்திருந்த எவனோ ஒருவன், அவர் பெயரிலேயே வாடிக்கையாளர்களுக்கு எழுதினான்: "எண்ணெய் விலை ஏறிவிட்டது. முழுப் பணத்தையும் இந்தக் கணக்கில் இன்றே போடுங்கள்." நால்வர் பணம் போட்டுவிட்டார்கள்.

இதன் முடிவைப் பின்னர் சொல்வோம். சமூக ஊடகத்தின் வழியாகச் சிறு வணிகம் செய்வது எப்படி, அதில் உள்ள ஆபத்துகளைச் சமாளிப்பது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

நேயர்களே! வணிகம் நமக்குப் புதியதன்று. சம்பள நாளில் தோட்டத்து வாசலில் துணிக்கடை விரிந்ததையும், சைக்கிளில் மீன்காரர் வந்ததையும் நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். வாங்குபவருக்கு விற்பவரின் முகம் தெரியும். முறுக்கு காறல் அடித்தால், அன்று மாலைக்குள் லயம் முழுவதற்கும் செய்தி போய்விடும். இன்றும் அதே கதைதான். லயம் மட்டும் நாடளவுக்கு நீண்டுவிட்டது; ஆனால் முகம் மறைந்துவிட்டது. முகம் மறைந்த இடத்தில் பெயர் ஒன்றே மிச்சம். ஆகவே இந்த வணிகத்தில் நாம் வளர்க்க வேண்டியதும், காக்க வேண்டியதும் நம் பெயரே ஆகும்.

முதலில் வளர்ப்பதைக் காண்போம்.

எல்லா இடத்திலும் கடை போட வேண்டியதில்லை. வீட்டு வணிகத்திற்கு ஒன்றிரண்டு இடங்களே போதும். முன்பே தெரிந்த வாடிக்கையாளர்களிடம் பேசப் புலனம் உதவும். பக்கத்துப் பட்டணத்தாருக்கு நம்மை அறிமுகப்படுத்த முகநூல் உதவும். செய்முறையைக் காட்ட வேண்டுமானால் டிக்டாக் போன்ற ஒளிப்படச் செயலிகள் உள்ளன. 2018ஆம் ஆண்டில் வணிகர்களுக்கென்றே வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலியில், பலகாரங்களை விலையோடு வரிசைப்படுத்தி வைக்கலாம். நாம் வேலையில் இருக்கும்போது, "மாலை ஐந்து மணிக்குமேல் பதில் தருகிறேன்" என்று அதுவே பதில் சொல்லும். இதற்குக் கட்டணமில்லை.

அடுத்தது படம். சன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சத்தில், நாமே செய்த பொருளைப் படம் எடுங்கள். அடுத்தவர் முறுக்கைக் காட்டி நம் முறுக்கை விற்பது பொய்ச் சாட்சி சொல்வதற்குச் சமம். படத்தின் கீழே விலை எவ்வளவு, எடை எத்தனை கிராம், எந்த நாளில் செய்தது, எத்தனை நாள் கெடாது, அனுப்பும் செலவு என்ன, எப்போது கைக்குக் கிடைக்கும் என்பனவற்றை எழுதுங்கள். "விலைக்குத் தனியே கேளுங்கள்" என்று போடும் பழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. அது நல்ல பழக்கமன்று. இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், முழு விலை, செலுத்தும் முறை, பொருள் வந்துசேரும் காலம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் மின்னியல் வாணிப விதிமுறைகளே கூறின. அவை 2024இல் புதுப்பிக்கப்பட்டுள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விலையை மறைப்பவரைப் பார்த்தால், "ஆளுக்கொரு விலை சொல்வார் போலிருக்கிறதே" என்ற ஐயம் எவருக்கும் எழுமல்லவா?

மூன்றாவது, கை தாங்கும் அளவுக்கு ஆர்டர் எடுப்பது. இரவில் பத்து டப்பா சுடக்கூடிய வீட்டில் முப்பது டப்பாவுக்கு ஒப்புக்கொண்டால், முறுக்கும் கருகும், பெயரும் கருகும். "இந்தத் தேதியோடு ஆர்டர் முடிந்தது" என்று துணிந்து எழுதுங்கள். அதனால் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

பணம் கொடுத்து விளம்பரம் செய்ய நினைப்பவர்கள், நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று முகநூலிலேயே வரம்பு கட்டலாம். எந்த ஊரார் கண்ணில் பட வேண்டும் என்பதையும் குறிக்கலாம். ஐந்து வெள்ளி செலவழித்தால் எத்தனை டப்பா விற்றது என்று கணக்குப் பாருங்கள். எத்தனை பேர் விருப்பக் குறி போட்டார்கள் என்பது கணக்கன்று. விருப்பக் குறியைக் கொண்டு கடலைமாவு வாங்க முடியாது.

இனி, காப்பதைக் காண்போம்.

முதல் ஆபத்து, அந்தத் தாயாருக்கு நேர்ந்ததே. ஆறு இலக்க எண் என்பது நம் கடையின் சாவி. புதிய கைத்தொலைபேசியில் புலனத்தைத் திறக்கும்போது, எண்ணுக்கு உரியவர் நாம்தான் என்று உறுதிசெய்ய அது வருகிறது. அதை உடன்பிறந்தவர் கேட்டாலும் கொடுக்கலாகாது. ஏனெனில் கேட்பவர் உடன்பிறந்தவர்தானா என்பது தெரியாது; அவருடைய கணக்கும் திருடு போயிருக்கலாம். புலனத்தின் அமைப்புப் பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதில் நாமே ஓர் ஆறு இலக்க இரகசிய எண்ணை வைத்துக்கொண்டால், கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டது போலாகும். நாம் போடாவிட்டால் திருடன் போட்டுவிடுவான். அப்படி அவன் போட்டதால், அந்தத் தாயார் தம் கணக்கைத் திறக்க ஏழு நாள் காத்திருக்க நேர்ந்தது. தீபாவளிக்கு முந்தைய ஏழு நாள்கள்!

இரண்டாவது, பணம் வந்துவிட்டதாகக் காட்டும் போலி இரசீது. படத்தில் எந்த எண்ணையும் மாற்றி எழுதலாம். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதை நம் கண்ணால் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். பணம் பெறுவதற்கு நம் இரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. கேட்டால் அது மோசடியே. "ஆர்டர் விவரம் இதில் இருக்கிறது" என்று ஏ.பி.கே. என முடியும் கோப்பை எவராவது அனுப்பினால் தொடாதீர்கள். அது கைத்தொலைபேசிக்குள் புகுந்து வங்கி விவரங்களைத் திருடும் செயலியாக இருக்கக்கூடும். நாம் சாமான் வாங்குவதற்குத் தெரியாத கணக்கில் பணம் போட வேண்டியிருந்தால், காவல் துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் அந்த எண் குறித்துப் புகார் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புகார் இல்லை என்பதனாலேயே அந்தக் கணக்கு நல்லது என்று ஆகிவிடாது.

மூன்றாவது ஆபத்து, குறை சொல்லும் வாடிக்கையாளர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது பழமொழி. ஒரு சான்று கூறுவோம். 2008ஆம் ஆண்டில் டேவ் கேரோல் என்ற கனடா நாட்டுப் பாடகர் யுனைடெட் விமானத்தில் பயணம் செய்தபோது அவருடைய கிட்டார் உடைந்தது. பழுது பார்க்க 1,200 டாலர் செலவு. பல மாதங்கள் முறையிட்டும் நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. 2009 ஜூலையில் அவர் அதையே பாட்டாக்கி யூடியூப்பில் வெளியிட்டார். இலட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தனர். அதன் பிறகே நிறுவனம் இழப்பீடு தர முன்வந்தது. மாபெரும் நிறுவனத்திற்கே அந்த நிலை என்றால், நம் முறுக்கு டப்பா எம்மாத்திரம்?

ஆகவே குறை வந்தால் அழிக்காதீர்கள். கோபத்தில் பதில் எழுதாதீர்கள். "வருந்துகிறோம், விசாரித்து இன்று மாலைக்குள் சொல்கிறோம்" என்று எல்லாரும் காணப் பதில் எழுதுங்கள். பிறகு தனியே பேசுங்கள். தவறு நம்முடையதானால் மாற்றுப் பலகாரமோ பணமோ கொடுத்துவிடுங்கள். ஒரு டப்பாவின் நட்டம் ஒரு நாளில் மறந்துவிடும். சண்டையின் படம் பல ஆண்டு சுற்றும்.

வாடிக்கையாளரின் முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றைப் பிறர் காணப் போடக்கூடாது. நம் பிள்ளைகளைப் பள்ளிச் சீருடையோடும் பள்ளிப் பெயரோடும் படம் எடுத்து விளம்பரத்தில் போடுவதும் வேண்டாம். வணிகம் நிலைத்துவிட்டால் பதிவு செய்யுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொடங்கிய முப்பது நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். ஆண்டுக் கட்டணம் சொந்தப் பெயருக்கு 30 வெள்ளி. வணிகப் பெயருக்கு 60 வெள்ளி. உணவு தயாரிப்பவர்கள் அதற்குரிய பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடைத்தெரு நம்முடையதன்று. நாம் அதில் குடியிருப்பவர்கள் மட்டுமே. 2021 அக்டோபர் 4ஆம் நாள் முகநூல், புலனம், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. 2023இல் இந்தோனேசிய அரசு சமூக ஊடகத்திற்குள் நேரடி விற்பனை நடத்தத் தடை விதித்தபோது, அங்கு டிக்டாக் கடைகள் அக்டோபர் மாதம் மூடப்பட்டன. டிசம்பரில்தான் வேறு ஏற்பாட்டோடு திறந்தன. ஆகவே வாடிக்கையாளரின் பெயர், எண், ஆர்டர், முன்பணம் ஆகிய நான்கையும் தாளில் எழுதி வையுங்கள்.

அந்தத் தாயாரைக் காப்பாற்றியதும் தாளே. மகள் தன் பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கங்களில், அறுபத்திரண்டு டப்பாக்களின் கணக்கையும் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கைத்தொலைபேசியை வாங்கி, அன்று மாலையே ஒவ்வொருவரையும் அழைத்து நடந்ததைச் சொன்னார்கள். அதனால் ஐந்தாவது ஆள் பணம் போடவில்லை. காவல் நிலையத்தில் புகாரும் செய்தார்கள். பணம் இழந்த நால்வருக்கும் அந்தத் தாயார் பாதி விலைக்கே பலகாரம் கொடுத்தார். அந்தத் தீபாவளியில் அவருக்கு மிஞ்சியது சொற்பமே. ஆனால் மறு ஆண்டு அந்த நால்வரில் மூவர் மீண்டும் அவரிடமே ஆர்டர் கொடுத்தார்கள்.

நேயர்களே! இணைய மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். அது 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண்ணாகும். வங்கிக்கும் சொல்லுங்கள்; காவல் துறையில் புகார் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இன்றிரவு இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். புலனத்திற்கு இரண்டாவது பூட்டைப் போடுங்கள். பிள்ளையின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் வாடிக்கையாளரின் பெயரை எழுதுங்கள்.