கணக்கில் டவுட்டா? இதெல்லாம் தெரியுமா?

கார்ட்டூன் ரசிகர்கள் விளையாட்டாகக் கேட்ட ஒரு சந்தேகத்துக்கு யாரோ எழுதிப் போட்ட விடை, ஏழு வருடம் கழித்துப் பேராசிரியர்களைத் திகைக்க வைத்தது, தெரியுமா? அந்த ‘யாரோ’ யார் என்று இன்றுவரை தெரியாது என்பதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம்!

ஜப்பானியத் தொடரான ‘ஹருஹி சுஸுமியா’வின் முதல் பருவத்தில் 14 அத்தியாயங்கள். அவற்றைக் கதை வரிசையில் காட்டாமல் மாற்றி மாற்றி ஒளிபரப்பினார்கள். ரசிகர்களுக்கு வேறு வேலை ஏது? 14 அத்தியாயங்களையும் எல்லா வரிசைகளிலும் பார்த்துவிட வேண்டும், குறைந்தது எத்தனை அத்தியாயம் ஓட்ட வேண்டும் என்று 2011ல் ஃபோர்சான் என்ற இணையப் பலகையில் கேட்டு வைத்தார்கள். அங்கே யாரும் பெயர் போடுவதில்லை.

மூன்றே அத்தியாயம் என்று வைத்துக்கொள்வோம். வரிசைகள் ஆறு. தனித்தனியாகப் பார்த்தால் 18 தடவை உட்கார வேண்டும். ஆனால் 1-2-3-1-2-1-3-2-1 என்று ஒன்பதே தடவை பார்த்தால் போதும், ஆறு வரிசையும் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடங்கிவிடும். விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்! 14 அத்தியாயத்துக்கு? இதற்குக் குறையவே முடியாது என்று அந்தப் பெயரற்றவர் தர்க்கபூர்வமாக நிறுவிய எண்: 9,388 கோடியே 43 லட்சத்து 13 ஆயிரத்து 611. ஒரு அத்தியாயம் 24 நிமிடம் என்றால் ஊண் உறக்கமின்றிப் பார்த்தாலும் நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2018ல் கணித அறிஞர்கள் இதைக் கண்டெடுத்து, சரிபார்த்து, கட்டுரையாக எழுதினார்கள். முதல் ஆசிரியர் பெயர் என்ன போட்டார்கள் தெரியுமா? ‘பெயர் தெரியாத ஃபோர்சான் பதிவாளர்’ என்றே போட்டார்கள்!

சரி, ஜப்பானை விடுங்கள். நம் ஆவடி லோக்கலுக்கு வாருங்கள்.

காலையில் சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் குனிந்த தலைகள் எல்லாம் ரீல்ஸ் பார்க்கின்றன என்று நினைத்தீர்களா? அதில் சில தலைகள் டி.என்.பி.எஸ்.சி. தலைகள். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்குகள் என்பதும், பலருக்கு வேலை கிடைப்பதும் நழுவுவதும் அந்த 25லேயே என்பதும் உங்களுக்குத் தெரியுமா? அதனால்தான் திருமுல்லைவாயலில் ஏறியவர் போனில் டவுட் குழுவுக்கு அனுப்பும் கணக்கின் போட்டோவுக்கு, அம்பத்தூர் தாண்டுவதற்குள் முன்பின் பார்த்திராத ஒருவர் விடை அனுப்புகிறார்!

‘ஏ’ 12 நாளில் முடிக்கும் வேலையை ‘பி’ 18 நாளில் முடிக்கிறார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? பள்ளிக்கூட வழியில் பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டில் ஒன்று எனப் பின்னங்களைக் கூட்ட வேண்டும். குழுக்களில் ஓடும் வழி வேறு. மொத்த வேலையை 36 பங்காக வைத்துக்கொள், அதுதான் எல்.சி.எம்.; ‘ஏ’ ஒரு நாளில் 3 பங்கு, ‘பி’ 2 பங்கு, சேர்ந்து 5; முப்பத்தாறை ஐந்தால் வகுத்தால் 7.2 நாள். பின்னமே வரவில்லை, பார்த்தீர்களா? இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் இரண்டாவது வழியை வேலை தேடும் ஒருவர் வேலை தேடும் இன்னொருவருக்கு ரயிலில் நின்றபடியே சொல்லிக்கொடுத்துவிடலாம். எனக்குள்ள ஒரே குறை, “ஆன்சர் மட்டும் அனுப்புங்க ப்ரோ” என்று கேட்பவர்கள் மீதுதான். விடை நான்கு ஆப்ஷனில் ஒன்றாக அங்கேயே அச்சாகி இருக்கிறதே ஐயா!

அம்பத்தூர் எஸ்டேட்டில் கேட்கப்படும் டவுட் இதைவிடச் சுவையானது. 27 பல் கொண்ட கியர் வெட்ட வேண்டும். மில்லிங் மிஷினில் டிவைடிங் ஹெட் இருக்கிறது. அதன் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால்தான் வேலைத்துண்டு ஒரு முழுச்சுற்று திரும்பும். அப்படியானால் ஒரு பல்லுக்கு எத்தனை சுற்று? நாற்பதை இருபத்தேழால் வகுத்தால் ஒன்று போக மீதி 13. ஆக, ஒரு முழுச்சுற்று, பிறகு 27 துளை வட்டத்தில் 13 துளை தள்ளி நிறுத்து, வெட்டு! நாலாம் வகுப்பில் ‘மீதி’ என்று எழுதிவிட்டு மறந்துபோனோமே, அந்த மீதி இங்கே இரும்புத் தட்டில் துளையாகவே இருக்கிறது! ஐ.டி.ஐ.யில் ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் என்று தனிப் பாடமே உண்டு. ஆனாலும் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஷிஃப்டின் நடுவே சந்தேகம் வந்தால், முன்பு பக்கத்து மிஷின் அண்ணன்தான் கதி. இப்போது அந்த அண்ணன் கோயம்புத்தூரில் இருந்தாலும் பரவாயில்லை.

லேத்தில் 127 பல் கொண்ட ஒரு கியர் ஏன் இருக்கிறது தெரியுமா? 120, 130 என்று முழுசாக வைக்கக்கூடாதா? கூடாது! ஓர் அங்குலம் என்பது மிகச்சரியாக 25.4 மில்லிமீட்டர். ஐந்து அங்குலம் 127 மில்லிமீட்டர். 127 ஒரு பகா எண், அதைச் சின்னதாக உடைக்கவே முடியாது. அங்குலக் கணக்கில் செய்த பழைய லேத்தில் மில்லிமீட்டர் மரை பிசகில்லாமல் வெட்ட வேண்டுமானால் அந்த 127 உள்ளே நுழைந்தே ஆக வேண்டும். பகா எண்ணால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் பிள்ளைகளை ஒரு நாள் எஸ்டேட்டுக்கு அழைத்துப் போகலாம்.

பூந்தமல்லிக்கு இதில் என்ன பங்கு? இருக்கிறது! பார்வைக் குறைபாடுடைய மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், அவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான் இருக்கின்றன. பார்க்காமல் கணக்குப் போடுவது எப்படி, அதையும் போனில் கேட்டு? “எக்ஸ் பிளஸ் ஒன் பை டூ” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. எக்ஸின் மதிப்பு 3. விடை மூன்றரையா, இரண்டா? எக்ஸோடு அரையைக் கூட்டினால் மூன்றரை. எக்ஸையும் ஒன்றையும் கூட்டிப் பிறகு பாதியாக்கினால் இரண்டு. சொன்னவர் மனதில் எது இருந்ததென்று கேட்டவருக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அமெரிக்காவின் ஆபிரகாம் நெமெத், பிறவியிலேயே பார்வையற்றவர். பார்வையில்லாதவருக்குக் கணிதம் ஒத்துவராது என்று சொல்லி அவரை உளவியல் படிக்க வைத்தார்கள். படித்தார், ஆனால் கணக்கை விடவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய முன்னாள் வீரர்கள் கல்லூரியில் கால்குலஸ் புரியாமல் விழித்தபோது, நெமெத் சம்பளமில்லாமல் போய் உதவினார். கணக்கை அவர்கள் வாசித்துக் காட்டுவார்கள், இவர் வழி சொல்வார். அப்படி உதவிக்கு வந்தவரையே கடைசியில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள்! கணிதத்துக்கென்றே அவர் உருவாக்கிய பிரெய்ல் முறை 1952ல் வெளிவந்தது. அதோடு, கணக்கைக் குழப்பமில்லாமல் வாய்விட்டு வாசிக்க ஒரு பேச்சு முறையும் வகுத்தார்: ‘பின்னம் தொடக்கம்’, மேலே உள்ளது, ‘கீழ்’, கீழே உள்ளது, ‘பின்னம் முடிவு’. வாய்ஸ் மெசேஜில் டவுட் அனுப்புகிறவர்கள் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டிய முறை இது.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இணையமே இல்லாத காலத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர், முகம் தெரியாதவர்கள் டவுட் கேட்டு விடை சொல்லும் இதே வேலையைத் தபாலில் நடத்தினார், தெரியுமா?

வி. ராமசுவாமி ஐயர். தொழில் டெபுடி கலெக்டர், மனசெல்லாம் கணக்கு. மாணவராக இருந்தபோதே லண்டனில் இருந்து வந்த ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ இதழின் கணக்குப் பகுதிக்கு எழுதிப் போட்டார். இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் பேராசிரியராகத்தான் இருப்பார் என்று எண்ணி அவர்கள் ‘புரொபசர்’ என்று விளித்துக் கடிதம் எழுத, அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது! பின்னாளில் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியும் அதே இதழின் கணக்குப் பகுதிக்கு எழுதியவர்தான் என்பது கூடுதல் ஆச்சரியம்.

ஆளுக்கொரு மூலையில் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களை ஒன்று சேர்த்து, 1907ல் இருபது பேரோடு ‘அனலிட்டிக் கிளப்’ தொடங்கினார். நூலகம் பூனாவில். புத்தகங்களும் வெளிநாட்டு இதழ்களும் உறுப்பினர் வீடுகளுக்குத் தபாலிலேயே போய்த் திரும்பின. அந்தக் கிளப்தான் இன்றைய இந்தியக் கணிதச் சங்கம். 1909ல் தொடங்கிய அதன் இதழில் கேள்விப் பகுதி ஒன்று உண்டு. யாரும் கேட்கலாம், யாரும் விடை எழுதலாம்.

1910ல் திருக்கோவிலூரில் இருந்த அவரிடம் ஓர் இளைஞர் நோட்டுப் புத்தகத்தோடு போய், குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிய ஐயர் வேலை கொடுக்கவில்லை! இவ்வளவு பெரிய மூளையைத் தாலுகா கச்சேரியில் போட்டு மழுங்கடிப்பதா என்று, பரிந்துரைக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பினார். அந்த இளைஞர்தான் ராமானுஜன். (பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது பச்சையப்பன் கல்லூரியைக் காட்டி, ராமானுஜன் படித்த இடம் என்பார்கள். படித்தது அந்தக் கல்லூரியில்தான், ஆனால் அந்தக் கட்டடத்தில் அல்ல! அவர் சேர்ந்த 1906ல் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. சேத்துப்பட்டுக்கு வந்தது 1940ல்.)

ராமானுஜன் 1911 முதல் அந்த இதழுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பினார். 289ஆம் கேள்வியைப் பாருங்கள்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவே இல்லாமல் போகும் வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன? இதழ் மூன்று முறை வெளிவந்தது, ஆறு மாதம் ஓடியது, யாரிடமிருந்தும் விடை வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3!

எப்படி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 3 என்பது √9. 9 என்பது 1 + 2×4. அந்த 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). அந்த 5 என்பது √(1 + 4×6). இப்படி உள்ளே இறங்கிக்கொண்டே போங்கள், அதே கோபுரம் எழுந்து நிற்கும். அது 3க்கே போய்ச் சேர்கிறது என்று கறாராக நிறுவ இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. அதைக் குழுவில் கேட்டுப் பாருங்கள், நல்ல சண்டை நடக்கும்.

464ஆம் கேள்வி 1913ல் வந்தது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய் 7ஐக் கழித்தால், 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளில் முழு வர்க்கம் கிடைக்கிறது. வேறு அடுக்குகள் உண்டா? 15ஆம் அடுக்கில் 32,768. ஏழு போனால் 32,761. அது 181இன் வர்க்கம்! வேறு எதுவுமே இல்லை என்று நார்வேக்காரரான நாகெல் நிறுவியது 1948ல். டவுட் கேட்டு முப்பத்தைந்து வருடம்! கேட்டவர் போய்ச் சேர்ந்தே இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது.

469 இன்னும் பொல்லாதது. 1 முதல் 4 வரை பெருக்கி 1 கூட்டினால் 25. ஐந்து வரை என்றால் 121. ஏழு வரை என்றால் 5,041, அதாவது 71இன் வர்க்கம். வேறு எண் உண்டா? பிரான்சின் புரோக்கார் முன்பே கேட்டிருந்த கேள்விதான். நூறு கோடி வரை கணினி தேடியும் நான்காவது எண் சிக்கவில்லை. இல்லவே இல்லை என்று நிறுவவும் யாராலும் முடியவில்லை!

இதே ராமானுஜன் கேம்பிரிட்ஜில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தபோது, நண்பர் மகலனோபிஸ் ‘ஸ்ட்ராண்ட்’ இதழின் 1914 டிசம்பர் புதிர் ஒன்றை வாசித்தார். ஒரு தெரு, ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்துக் கதவு எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம், தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள். மகலனோபிஸ் ஏற்கெனவே முட்டி மோதி விடை கண்டுவிட்டார்: 288 வீடுள்ள தெருவில் 204ஆம் வீடு. ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமல், இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் ஒரே மூச்சில் விடை தரும் தொடர் பின்னத்தைச் சொன்னார்! எட்டு வீட்டுத் தெருவில் ஆறாம் வீடும் அதில் அடக்கம்.

பாதியில் நின்ற சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654ல் கடிதம் எழுதிக்கொண்டதில் நிகழ்தகவுக் கணிதமே பிறந்தது, தெரியுமா? அதே வேலையை 2009 ஜனவரியில் டிமத்தி கோவர்ஸ் ஊரறியச் செய்தார். கணிதத்தின் உச்சப் பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர், தனக்கே விடை தெரியாத கணக்கை எல்லோர் முன்னும் வைத்து, வாருங்கள், சேர்ந்து போடலாம் என்றார்! டெரன்ஸ் டாவ் வந்தார், ஒரு பள்ளி ஆசிரியரும் வந்தார். ஏழு வாரத்துக்குள் கணக்கு வசப்பட்டது. கட்டுரையில் தனிப்பெயர்களே கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து டி.எச்.ஜே. பாலிமாத் என்று ஒரே புனைபெயர்.

2013ல் இன்னொன்று. அடுத்தடுத்த பகா எண்களின் இடைவெளி 7 கோடிக்குள் அடங்குவது முடிவில்லாமல் நடக்கிறது என்று யிடாங் ஜாங் நிறுவினார். உடனே அந்த 7 கோடியைச் சுருக்க ஒரு கூட்டம் இறங்கியது. இணையத்தில் ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தித் திருத்தி ஆயிரங்களுக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஜேம்ஸ் மேனார்ட் புது வழியில் 600 என்றார், அதையும் சேர்த்துக்கொண்டு மறு வருடமே 246க்கு இறக்கிவிட்டார்கள். 7 கோடி எங்கே, 246 எங்கே!

திருத்துவது என்றதும் நினைவுக்கு வருகிறது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடுகிறார்கள், தவறு என்று தோன்றினால் ஆதாரத்தோடு ஆட்சேபிக்கச் சில நாள் அவகாசமும் தருகிறார்கள், தெரியுமா? அந்த நாட்களில் அம்பத்தூர், ஆவடிப் பிள்ளைகளின் குழுக்களைப் பார்க்க வேண்டும்! ஒரு கணக்கை ஆறு பேர் ஆறு விதமாகப் போட்டு, பாடப்புத்தகத்தின் பக்கத்தோடு அனுப்புவார்கள். அப்போது மட்டும் யாரும் ஆன்சர் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது ஸ்டெப்.