எதிர்வண்டி – 9: எண் தெரியாத இன்ஜின்

புது டெல்லி ஸ்டேஷனில் மூச்சிரைக்க ஓடி, வண்டி கிளம்ப இரண்டே நிமிடம் இருக்கும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிய கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த ஓட்டத்தில் எனக்கு ஒரு நஷ்டம் உண்டு. பர்ஸ் போகவில்லை, செருப்பு அறுந்து போகவில்லை. இன்ஜினைப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.

சித்திரைக்கு ஊருக்குப் போகிறவன், வண்டி கிடைத்ததே பெரிது என்று உட்கார வேண்டியதுதானே என்பீர்கள். ரயில் பைத்தியம் பிடித்தவனுக்கு அது முடியாது. கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் திரும்பிய மாதிரி இருக்கும். என் பெட்டி இன்ஜினிலிருந்து பதினேழாவது. ஒரு பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர். என்னை ஊருக்கு இழுத்துக்கொண்டு போகிற ஆள் 400 மீட்டர் முன்னால் இருட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் எனக்குத் தெரியாது.

பெயர் என்று நான் சொல்வது எண்ணைத்தான். என் நோட்டில் ஐந்து பத்திகள் உண்டு: எண், ஷெட், இடம், நேரம், திசை. இந்தக் கிறுக்குக்கு ஊர் பேதம் கிடையாது. இங்கிலாந்தில் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர், இன்ஜின் எண்களைப் பட்டியலாகத் தொகுத்து 1942-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்; அப்போதும் அதை வாங்கி, பார்த்த எண்களின் கீழே கோடு போட ஆள் இருந்தது.

நம் ஊர் எண்களைப் படிப்பது சுலபம். இன்ஜினின் முகத்தில் டபிள்யூ, ஏ, பி, 7 என்று எழுதியிருந்தால், முதல் எழுத்து அகலப்பாதை, இரண்டாவது ஏ.சி. மின்சாரம், மூன்றாவது பயணிகள் வண்டி, கடைசி இலக்கம் அதன் ரகம். சரக்கு வண்டி என்றால் ‘பி’ இடத்தில் ‘ஜி’ வரும். டீசல் என்றால் ‘ஏ’ இடத்தில் ‘டி’. ரசிகர்கள் வாயில் இவை ‘வேப்-7’, ‘வேக்-9’ என்று சுருங்கிவிடும். பக்கவாட்டில் ஷெட்டின், அதாவது அந்த இன்ஜினைப் பராமரிக்கும் கொட்டகையின், பெயர் இருக்கும். எந்த ஷெட் இன்ஜின் எந்த வண்டியை இழுக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு ‘லிங்க்’ என்று பெயர். அந்த ஏற்பாட்டை மீறி வேறு ஷெட் இன்ஜின் வந்து நின்றால் ‘ஆஃப்லிங்க்’. எங்கள் கூட்டத்துக்கு அன்று தீபாவளி.

ஆக்ரா, குவாலியர், ஜான்சி மூன்றும் இருட்டிலேயே கழிந்தன. எதிர்வண்டி வரும்போதெல்லாம் ஒரு ஹாரன், ஒரு வெளிச்சம், பிறகு ஜன்னல்கள் வரிசையாக அடித்துக்கொண்டு போகும் சத்தம். நோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

விடியும்போது போபால். அங்கிருந்துதான் என் வேலை ஆரம்பம்.

படம் எடுக்கிறவனுக்கு ஏ.சி. பெட்டி பயன்படாது. சாயக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாமே நேற்று நடந்தது மாதிரி மங்கித் தெரியும். ஸ்லீப்பர் பெட்டியில் ஜன்னல் திறக்கும். ஆனால் குறுக்கே கம்பி. பெட்டிக்குச் சில அவசர வழி ஜன்னல்கள் மட்டும் கம்பியே இல்லாமல் இருக்கும். அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர் விடுமுறையில் ஊருக்குப் போகும் ராணுவ வீரர். வேலூர் பக்கம். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் அந்தப் பக்கம் நிறைய. கேமராவைப் பார்த்ததும் அவரே நகர்ந்து உட்கார்ந்தார்.

“வாசப்படியில நிக்காதீங்கண்ணா. இங்க வந்து குந்துங்க.”

அவர் சொன்னது சட்டமும்கூட. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள், எதிர்வண்டி தள்ளிவிடும் காற்றை ஒருமுறை முகத்தில் வாங்கியவன் மறுமுறை தலையை நீட்ட மாட்டான்.

இனி ஒரு கணக்கு. நாம் 110 கிலோமீட்டர் வேகம், எதிர்வண்டியும் 110. சேர்த்தால் நொடிக்கு 61 மீட்டர். இருபத்திரண்டு பெட்டி வண்டி ஒன்று ஒன்பது நொடியில் நம்மைக் கடந்துவிடும். அதில் இன்ஜின் நம் ஜன்னலுக்கு நேரே இருப்பது மூன்றில் ஒரு பங்கு நொடி. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டரைத் திறந்தால்கூட, அதற்குள் அது ஆறு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். எண்ணில் இருக்கும் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வைத்தால்தான் பிழைக்கலாம். அவ்வளவு வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். ஊர் திரும்புகிறவனுக்கு வில்லங்கம் அங்கேதான்.

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கத் தண்டவாளத்தில் போகும். எதிர்வண்டி எப்போதும் நம் வலப்பக்கம். தெற்கே போகும் வண்டிக்கு வலப்பக்கம் மேற்கு. காலையில் சூரியன் கிழக்கே நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நம் வண்டியின் நிழல் அப்படியே பக்கத்துத் தண்டவாளத்தில் போய் விழும். வருகிற இன்ஜினின் மேல்பாதி வெயிலில், கீழ்பாதி நம் நிழலில். ஒன்பதரைக்கு மேல் நிழல் சுருங்கி நம் சக்கரத்துக்கு அடியில் வந்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் சூரியன் மேற்கே சாய்ந்து நேராகக் கண்ணில் குத்தும். வருவதெல்லாம் கறுப்பு உருவம். ஆக, தெற்கே வீடு உள்ளவனுக்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டரை மணி நேரம். டெல்லிக்குத் திரும்பிப் போகும்போது எதிர்வண்டி கிழக்குப் பக்கம் வரும்; பிற்பகலில் நிழல் நீளும் வரை அருமையான வெளிச்சம். வீட்டை விட்டுப் போகிற துக்கத்துக்கு ரயில்வே கொடுக்கும் நஷ்டஈடு என்று வைத்துக்கொள்ளலாம்.

புத்னி பக்கத்துக் காடுகள் முடிந்து நர்மதை வந்தது. பெட்டியில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வந்து கும்பிட்டுக் காசு போட்டார்கள். பாலத்து இரும்பில் பட்டு டணாரென்று தெறித்த ஒரு காசு நர்மதைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. இட்டார்சியில் கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு நான்கும் கலக்கும். சாயா குடிக்கும் நேரத்தில் ஏழு எண்கள் நோட்டில் ஏறின.

அதற்குப் பிறகு சாத்பூரா மலை. தாராகோவுக்கும் மராம்ஜிரிக்கும் நடுவே ஏற்றம் கடுமை. நிலக்கரியோ சிமெண்டோ ஏற்றிய கூட்ஸ் வண்டியை முன்னால் இருக்கும் இன்ஜின் மட்டும் இழுத்து முடியாது. பின்னாலிருந்து தள்ள வேறு இன்ஜின்கள் வேண்டும். அவற்றுக்கு ‘பேங்கர்’ என்று பெயர். ஊரில் கரும்பு வண்டி மேட்டில் திணறினால் பின்னால் நாலு பேர் தோள் கொடுப்பதில்லையா, அதேதான். தாராகோவில் ஒரு கூட்ஸ் லூப் லைனில் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டு நின்றது. கடைசி வேகனை முட்டிக்கொண்டு பேங்கர்கள். தள்ளி முடித்த வேறொரு ஜோடி, தனியாக, எதிர்த் தண்டவாளத்தில் கீழே இறங்கி வந்தது. கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களின் நடை. இரண்டு எண்களும் தெளிவாக விழுந்தன.

அப்போதுதான் வண்டி வலது பக்கம் வளைந்தது. “அண்ணா, நம்ம இன்ஜின்!” என்றார் ராணுவக்காரர்.

மொத்த வண்டியும் வில் மாதிரி வளைந்து நிற்க, அதன் நுனியில் வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை. வேப்-7. ஆறாயிரத்துக்கு மேல் குதிரைத்திறன் உள்ள ரகம். ஓடுகிற வண்டியில் இருந்துகொண்டு அந்த வண்டியையே பார்ப்பதற்கு இப்படி ஒரு வளைவு வாய்க்க வேண்டும். நான்கு படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கிலும் ஒரு மின்கம்பம்.

சரி, அடுத்து நிற்கிற இடத்தில் இறங்கி ஓடிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பெரிய ஸ்டேஷன் ஒன்றில் (பெயர் வேண்டாம்) இறங்கி பத்துப் பெட்டி தூரம் போயிருப்பேன். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கையை நீட்டினார். எதற்குப் படம், யாருக்குக் கொடுப்பாய், ஊர் எது? என் இந்தி எட்டு வருஷ டெல்லி இந்தி. அது அன்று பார்த்து வாயில் வரவில்லை. கேமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இருபது படங்கள் பார்த்தார். எல்லாவற்றிலும் இன்ஜின். அவர் முகத்தில் சந்தேகம் போய் இரக்கம் வந்தது. “கர் மே சப் டீக் ஹை?” என்றார். வீட்டில் எல்லோரும் நலமா என்று அவர் கேட்டது என் வீட்டாரை நினைத்துத்தான் இருக்கும். முன்னால் ஹாரன் அடித்தது. ஓடி வந்து ஏறினேன். இன்ஜின் இன்னும் ஏழு பெட்டி தள்ளியே இருந்தது.

ராணுவக்காரர் சமாதானம் சொல்கிற மாதிரி, “இந்தப் பொட்டிக்கு நம்பர் கீதே, அத்த எழுதிக்கோங்க” என்றார். பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது பிறந்த வருஷம் என்று சொல்லிக்கொடுத்தேன். எங்கள் பெட்டி 19-இல் தொடங்கியது. கதவோரம் இருந்த தகட்டில் ஐ.சி.எஃப். என்று பார்த்தவுடன் அவருக்கு ஒரே குஷி. பெரம்பூரில் 1955-இலிருந்து பெட்டி கட்டுகிறார்களே, அந்தத் தொழிற்சாலை. “அப்போ இதுவும் லீவுல ஊருக்குத்தான் போவுது!”

நாக்பூரில் உச்சி வெயில். டெல்லி – சென்னை பாதையும் மும்பை – ஹௌரா பாதையும் சந்திக்கும் இடம். அடுத்த அஜ்னியில் என் கண்ணுக்கு விருந்து: வேக்-12. பீகார் மதேபுராவில் செய்வது, இரண்டு உடல் ஒட்டிய ஒரே இன்ஜின், 12,000 குதிரைத்திறன். தாராகோவில் பின்னால் தோள் கொடுத்தவர்கள் இவனைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள்.

சேவாகிராமில் மும்பைப் பாதை பிரிந்து போக, நாங்கள் தெற்கே திரும்பினோம். வெயிலும் எதிரே திரும்பியது. சந்திரபூரை நெருங்க நெருங்க நிலக்கரி. ஒரு கூட்ஸுக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வேகன்கள். எண்ணி முடிக்கும்போது தலை சுற்றும். இதற்கு முன்பே டெல்லி போகும் தெலங்கானா எக்ஸ்பிரஸ் கடந்து போயிருந்தது. படத்தில் ஒரு கறுப்புச் சதுரமும் இரண்டு விளக்கும்தான் மிச்சம். எரிச்சலோடு அழித்தேன்.

“இம்மாம் வண்டி எடுத்தீங்களே, ஒண்ணாவது நம்ம ஊரு பக்கம் போற வண்டியாண்ணா?”

நோட்டைப் புரட்டினேன். திசை என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை வடக்கு, வடக்கு, வடக்கு. எதிரே வருவதைத்தானே எடுக்க முடியும்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனுக்கு எதிர்ல வர்றதெல்லாம் லீவு முடிஞ்சி போற வண்டிண்ணா. அதான் நான் பாக்கறதில்ல.”

அன்று அதற்கு மேல் நான் கேமராவை எடுக்கவில்லை. பல்லார்ஷா வந்தது. அதைத் தாண்டியபின் மஞ்சள் பலகைகளில் தேவநாகரிக்குப் பக்கத்தில் தெலுங்கு சேர்ந்தது. ராத்திரி விஜயவாடாவில் கிருஷ்ணா பாலத்துச் சத்தம் தூக்கத்தில் கேட்டது.

காலையில் பேசின் பிரிட்ஜில் வழக்கம்போலக் காத்திருந்து, சென்ட்ரலுக்குள் நுழைந்தோம். சென்ட்ரல் பாதை முடிகிற ஸ்டேஷன். இதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. அதனால் இங்கே யார் வந்து இறங்கினாலும் இன்ஜினைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். பெட்டியும் மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் அதன் பக்கத்தில் நடந்து போனார்கள். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. 2,180 கிலோமீட்டர் ஓடிய சூடு அதன் உடம்பிலிருந்து அடித்தது. முகத்தில் விட்டில்களும் பூச்சிகளும் அப்பியிருந்தன. பக்கவாட்டில் ராயபுரம் ஷெட். ஆஃப்லிங்க் இல்லை, அதிசயம் இல்லை. இந்த வண்டிக்கு வர வேண்டிய இன்ஜின்தான் வந்திருக்கிறது.

ராணுவக்காரர் டிரங்க் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றார். ஒரு படம் எடுத்தேன். இந்தப் பயணத்தில் அசையாமல் நின்று எனக்குப் படம் கொடுத்த முதல் இன்ஜின்.

“நாப்பது நாள் கழிச்சி இதே வண்டிதாண்ணா. எங்கனா ஜன்னல்ல பாத்தீங்கன்னா கை காட்டுங்க” என்று சொல்லிவிட்டுக் காட்பாடி வண்டி தேடிப் போனார்.

நோட்டைத் திறந்தேன். எண், ஷெட், இடம், நேரம் எல்லாம் எழுதினேன். கடைசிப் பத்திக்கு வந்தபோது கை பழக்கத்தில் ‘வ’ என்று ஆரம்பித்துவிட்டது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தெற்கு’ என்று எழுதினேன்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மூர் மார்க்கெட் லோக்கலில் அரக்கோணம், ஷெட் வாசலில் வளர்ந்த பிள்ளைகள்.