கணக்கைக் காக்கும் காந்த நாடா

சங்கத்தின் பங்குத் தொகை, கடன் பாக்கி, நூல் இருப்பு ஆகியவற்றை நெடுங்காலம் பேரேடுகளில் எழுதி வந்தோம். இன்று அவை கணிப்பொறிக்கு மாறி வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பேரேட்டைக் கரையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறியின் தட்டு பழுதானாலோ, கணக்கு முழுவதும் ஒரே கணத்தில் மறையக்கூடும். ஆகவே, இரண்டாம் பிரதியை ஆபரேட்டர்கள் எவ்விதம் காக்கின்றனர் என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

நாடா என்றதும் நெசவாளருக்குத் தறியில் ஓடும் நாடாவே நினைவுக்கு வரும். இது வேறு, காந்தப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. ஐ.பி.எம். நிறுவனம் இதற்கான 726 என்னும் இயந்திரத்தை 1952-ல் வெளியிட்டது. பழைய நாடாச் சுருளின் பின்புறம் ஒரு வளையம் பொருத்துவதுண்டு. வளையம் இருந்தால்தான் நாடாவில் எழுத முடியும். நீக்கிவிட்டால் படிக்க மட்டுமே இயலும். இன்றைய எல்.டி.ஓ. நாடாப் பெட்டியில் இதே வேலையைச் சிறு தாழ் ஒன்று செய்கிறது. 2000-ல் வந்த முதல் எல்.டி.ஓ. நாடா 100 ஜிகாபைட் கொண்டது. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை நாடாவோ 18,000 ஜிகாபைட் கொள்ளும்.

பிரதிகளைப் பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையாக வைப்பது ஆபரேட்டர்களின் வழக்கம். மாதப் பிரதி பாட்டன். வாரப் பிரதி தந்தை. தினப் பிரதி மகன். ஒரு பிழை மூன்று வாரம் கழித்துத் தெரிய வந்தால், மகனிடமும் தந்தையிடமும் அப்பிழையே பதிந்திருக்கும், பாட்டனே கைகொடுப்பார். தீ விபத்தை எண்ணி, ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வைப்பர்.

தொலைந்த கணக்கை ஒருவர் கேட்டு வந்தால், ஆபரேட்டர் உடனே நாடாவை ஏற்றிவிடுவதில்லை. கோப்பின் பெயர், வேண்டிய தேதி, கேட்பவரின் உரிமை ஆகியவற்றை முதலில் விசாரிப்பார். பதிவேட்டில் நாடாவின் எண்ணைக் கண்டு, எழுத இயலாதபடி தாழைத் தள்ளிய பின்னரே ஏற்றுவார். மீட்டதை இப்போதுள்ள கணக்கின் மேல் பதியாமல் தனி இடத்தில் வைப்பார். கேட்டவர் பார்த்துச் சரியென்ற பிறகு, நாடா பழைய இடத்துக்குத் திரும்பும். பதிவேட்டிலும் குறிப்பு ஏறும்.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது. 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாக மூலத் தரவை அழித்துவிட்டார். அன்றாடம் எடுக்கப்படுவதாக நம்பிய பிரதியோ பதிவாகவே இல்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த வேறொரு பிரதியால் பெரும்பகுதி மீண்டது. அந்த ஆறு மணி நேரப் பதிவு போயிற்று. மாறாக, 2011 பிப்ரவரியில் கூகிளின் ஜிமெயிலில் சிலரது அஞ்சல்கள் மறைந்தபோது, தனியே வைத்திருந்த நாடாக்களே அவற்றை மீட்டுத் தந்தன.

எனவே, அடுத்த மகாசபைக் கூட்டத்தில் நாம் இரண்டு கேள்விகள் கேட்போமாக. நமது கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது? அதிலிருந்து கணக்கை மீட்டுச் சோதித்தது எப்போது? பேரேட்டைத் தணிக்கை செய்யும் நாம், பிரதியையும் தணிக்கை செய்வதே முறையாகும்.