பிளாண்ட் போட்ட முகமூடி

நியூயார்க் நகரம். 1959-ம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ந் தேதி. இரவு நேரம்.

மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற விளையாட்டு அரங்கில் ஆயிரக்கணக்கான பேர் கூடி இருந்தார்கள். ஐஸ் ஆக்கி பந்தயம் நடந்துகொண்டு இருந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும், கனடா நாட்டு மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணியும் மோதின.

ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்தான் ஆகி இருந்தது. ரேஞ்சர்ஸ் வீரர் ஆண்டி பாத்கேட், மட்டையைத் திருப்பி வட்டை ஒரு வீசு வீசினார். அது மேலே எழும்பி, கனடியன்ஸ் கோல் கீப்பரின் முகத்தில் போய் மோதியது.

அவர் அப்படியே சரிந்தார். பளிங்கு போல் கிடந்த பனிக்கட்டித் தரையில் ரத்தம் கொட்டியது.

அடிபட்டவர் பெயர் ஜாக் பிளாண்ட். அப்போது அவருக்கு வயது 30.

ரப்பர் வட்டு

நம் ஊரில் ஆக்கியைத் தரையில் ஆடுகிறோம். கனடாவில் குளிர் அதிகம். குளிர்காலத்தில் குளமும் குட்டையும் உறைந்து கல்லாகிவிடும். அதன்மேல், அடியில் இரும்புத் தகடு பொருத்திய காலணியைப் போட்டுக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடுவார்கள். அதுதான் ஐஸ் ஆக்கி. பெரிய பந்தயங்களுக்கு அரங்கத்துக்கு உள்ளேயே தண்ணீரை உறைய வைத்துத் தரை போடுகிறார்கள்.

இதில் பந்து கிடையாது. ரப்பர் வட்டு ஒன்று உண்டு. அதன் அகலம் மூன்று அங்குலம், கனம் ஒரு அங்குலம். கெட்டி ரப்பர். போதாக்குறைக்கு, ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் வைத்து உறைய விடுவார்கள். நல்ல வீரர் அடித்தால் அது மணிக்கு 100 மைலுக்கு மேலும் பறக்கும்.

அந்த வட்டுக்கு எதிரே நிற்பதுதான் கோல் கீப்பரின் வேலை. காலுக்குத் தடித்த மெத்தை உண்டு. கைக்கு உறை உண்டு. மார்புக்குக் கவசம் உண்டு. முகத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாது!

ஏன் இல்லை? முகத்தை மூடுகிறவன் கோழை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். 1930-ம் ஆண்டிலேயே கிளின்ட் பெனடிக்ட் என்பவர் மூக்கு உடைந்ததால் தோல் முகமூடி போட்டு ஆடிப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று சில ஆட்டங்களோடு விட்டுவிட்டார். பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகள், பெரிய பந்தயங்களில் கோல் கீப்பர்கள் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள்.

டெர்ரி சாசக் என்ற கோல் கீப்பரின் முகத்தில் விழுந்த தையல் சுமார் 400 என்பார்கள். 1966-ல் ஒரு பத்திரிகை, அந்தத் தழும்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒப்பனை போட்டுப் படம் எடுத்து வெளியிட்டது. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள்.

ஏணியில் இருந்து விழுந்த சிறுவன்

பிளாண்ட் ஏழை வீட்டுப் பிள்ளை. கனடாவின் கியூபெக் மாநிலத்துக்காரர். பதினொரு குழந்தைகளில் மூத்தவர். தகப்பனார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விளையாட்டுச் சாமான் வாங்க வசதி ஏது? உருளைக்கிழங்குச் சாக்கில் திணித்து, பலகை வைத்துத் தைத்ததுதான் பிளாண்டின் முதல் கால் மெத்தை!

ஐந்து வயதில் ஏணியில் இருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். எலும்பு சரியாகக் கூடவில்லை. பெரியவர் ஆனபிறகு அறுவை சிகிச்சை செய்துதான் அதைச் சரியாக்கினார்கள். இது தவிர ஆஸ்துமாவும் இருந்தது. ஓடி ஆடினால் மூச்சு வாங்கும். அதனால்தான் நின்ற இடத்தில் ஆடும் கோல் கீப்பர் ஆனார்.

அம்மா அவருக்குக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்தார். பெரிய வீரர் ஆன பிறகும் குல்லாய் பின்னுவதை அவர் விடவில்லை. பின்னிய குல்லாயைப் போட்டுக்கொண்டு ஆடவும் ஆசைப்பட்டார். பயிற்சியாளர் தடுத்துவிட்டார். இப்படிப்பட்ட ஆசாமி, ஊரார் சிரிப்பார்களே என்று முகமூடிக்கு வெட்கப்படுவாரா?

அடிமேல் அடி பட்டது. பயிற்சியின்போது தம் அணிக்காரர் அடித்த வட்டே பட்டு, கன்னத்து எலும்பு உடைந்தது. ஐந்து வாரம் படுக்கை. பிறகு மற்றக் கன்னமும் உடைந்தது. மூக்கு உடைந்தது நான்கு முறை. தையல்கள் 200 இருக்கும்.

இந்த நிலையில் பில் பர்ச்மோர் என்பவர் அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் கண்ணாடி இழைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1958-ல் ஒரு பந்தயத்தில் பிளாண்டின் நெற்றியில் அடி விழுந்ததை நேரில் பார்த்து மனம் நொந்தவர். “உங்கள் முகத்துக்கு அளவாக ஒரு முகமூடி செய்து தருகிறேன்” என்பது கடிதத்தின் சாரம்.

பிளாண்டின் முகத்தில் களிம்பு தடவி, சுண்ணச் சாந்து பூசி அச்சு எடுத்தார்கள். சாந்து காயும் வரை மூச்சுவிட வாயில் குழல்! அந்த அச்சின்மேல் கண்ணாடி இழையை ஒட்டி முகமூடி தயார் ஆயிற்று.

“பயிற்சியில் போட்டுக்கொள். பந்தயத்தில் கூடாது” என்றார் பயிற்சியாளர் டோ பிளேக். முகமூடி போட்டால் காலடியில் வரும் வட்டு தெரியாது, கவனமும் குறைந்துவிடும் என்பது அவர் எண்ணம். அவரைக் கொடியவர் என்று சொல்ல முடியாது. அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

“முகமூடி இல்லாமல் வரமாட்டேன்”

மறுபடியும் நியூயார்க்குக்கு வருவோம்.

பிளாண்டை உள்ளே கொண்டுபோய் ஏழு தையல் போட்டார்கள். ஆட்டம் நின்றுபோய்விட்டது. இந்தக் காலத்தைப் போல அப்போது அணிக்கு இரண்டு கோல் கீப்பர்கள் இல்லை. இருப்பவர் ஒருவரே. அவர் விழுந்தால், அரங்கத்தில் இருக்கும் உள்ளூர் ஆள் ஒருவரைத்தான் நிறுத்த வேண்டும்.

பிளேக் தவித்தார். பிளாண்ட் எழுந்தார். “முகமூடி போட்டால் வருகிறேன். இல்லாவிட்டால் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

பிளேக் இறங்கி வந்தார். காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்று பேச்சு.

முகமூடியோடு பிளாண்ட் வெளியே வந்தார். கண்ணுக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு துளை. பேய்ப் படத்தில் வருகிற முகம் போல இருந்தது. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. கனடியன்ஸ் 3-1 என்று ஜெயித்தது.

காயம் ஆறியது. பிளாண்ட் முகமூடியைக் கழற்றவில்லை! ஜெயித்துக்கொண்டு இருக்கும்போது பிளேக் என்ன சொல்ல முடியும்? அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்கவே இல்லை.

“பயந்துபோனீர்களா?” என்று கேட்டவர்களிடம், “பாராசூட் இல்லாமல் விமானத்தில் இருந்து குதிக்கிறவன்தான் வீரனா?” என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

1960-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி பிளேக்கின் வேண்டுகோளுக்காக ஒரே ஒரு தடவை முகமூடி இல்லாமல் ஆடினார். டெட்ராயிட் அணியிடம் 3-0 என்று தோல்வி! முகமூடி மறுபடியும் முகத்தில் ஏறியது. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பை கனடியன்சுக்கே. தொடர்ந்து ஐந்தாவது தடவை.

பாத்கேட் பின்னாளில் ஓர் உண்மையைச் சொன்னார். அன்றைய ஆட்டத்தில் பிளாண்ட் தம்மைக் கீழே தள்ளியதாகவும், அந்தக் கோபத்தில் வேண்டும் என்றேதான் முகத்துக்கு வீசியதாகவும் சொன்னார். ஒருவருடைய கோபம் எதில் போய் முடிந்தது பாருங்கள்!

மற்றக் கோல் கீப்பர்கள் ஒருவர்பின் ஒருவராக முகமூடிக்கு மாறினார்கள். கம்ப் வோர்ஸ்லி என்பவர் மட்டும் கடைசிவரை பிடிவாதம் பிடித்து, 1973-74-ல் தம் கடைசிப் பருவத்தில்தான் போட்டார். முகமூடி இல்லாமல் அந்தப் பெரும் பந்தயத் தொடரில் கடைசியாக நின்றவர் ஆண்டி பிரவுன். அது 1974-ம் ஆண்டு.

வெடித்த நெற்றி

பிளாண்ட் 1965-ல் ஓய்வு பெற்றார். 1968-ல் செயின்ட் லூயிஸ் அணிக்காகத் திரும்பி வந்தார்.

1970-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி. பாஸ்டன் அணியுடன் கோப்பைக்கான இறுதிப் போட்டிகளின் முதல் ஆட்டம். பிளாண்டுக்கு வயது 41. பாஸ்டன் வீரர் அடித்த வட்டு, இன்னொருவர் மட்டையில் பட்டுத் திசை மாறியது. நேராக அவர் நெற்றியில் மோதியது. நினைவு இழந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகமூடி நெற்றிப் பக்கம் வெடித்து இருந்தது.

“முகமூடிதான் என் உயிரைக் காப்பாற்றியது” என்றார் பிளாண்ட்.

அந்த இறுதிப் போட்டிகளில் அவர் மறுபடி ஆடவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் டொராண்டோ அணிக்காக 40 ஆட்டங்களில் கோலைக் காத்தார். புது முகமூடியுடன்!